எந்த நீலச் சட்டை?

இந்த அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது மேடம். மூன்றாம் தளத்தில் எங்களுக்கு இருப்பது இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கீழே வைத்திருக்கும் வாளி நிறைந்தால் யார் கொட்டுவது என்று தினமும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். பெரும்பாலும் பக்கத்து சீட் பெண்தான் கொட்டுவாள். இதை நான் புகாராகச் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்தவன் புகார் சொல்வது அழகில்லை.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மனிதவளத் துறைக்குப் புதிது என்பதால் மூன்றாம் தளத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்முடைய ‘துணை’ செயலி எதைக் கேட்டாலும் பதில் சொல்லும், மனிதக் கை படாத செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறோம். மழை வருமா, வட்டி எவ்வளவு, தலைவலிக்கு என்ன என்றெல்லாம் கேட்டால் அது உண்மையிலேயே தானாகச் சொல்லிவிடும். வாழ்க்கைப் பிரச்சினை என்று வந்தால்தான் அதற்குக் கை கால் ஓடாது. ஆரம்பத்தில் ஒரு பெரியவர், மனைவி குறட்டை விடுகிறாள் என்று சொன்னதற்கு விவாகரத்து மனு ஒன்றை எழுதி நீட்டிவிட்டது. அவர் அதை மனைவியிடமே காட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் அறை உண்டானது. இருபத்துநான்கு பேர். மனம் சம்பந்தமான கேள்வி வந்தால் எங்கள் திரைக்கு வரும். நாற்பது விநாடிக்குள் இயந்திரம் போலப் பதில் எழுத வேண்டும். “நல்ல கேள்வி” என்று தொடங்க வேண்டும். நடுவில் நிதானமாக நாலு வரி. கடைசியில் அவரையே யோசிக்க வைக்கும்படி ஒரு கேள்வி. ஒரு முறை பேசியவர் திரும்ப வந்தால் அதே சீட்டுக்கே வருவார். நாம் விடுப்பில் இருந்தால் பக்கத்து சீட்டுக்குப் போவார்.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. இந்த வேலையைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது. தெரிந்தவர் யாராவது திரையில் வந்தால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி வேறு சீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். முதல் விதியை நான் ஒரு நாளும் மீறவில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு மத்தியானம், சரியாக ஒரு மணிக்கு, இப்படி ஒரு செய்தி வந்தது. “நான் பல் செட் செய்யிற வேலை பாக்கறேன். வயசு நாப்பத்தி மூணு. என்கூட முன்னாடி வேலை பார்த்த தோழி கடலோரமா வேற ஊர்ல சொந்தமா பட்டறை போடறா. சரிபாதி பங்கு தர்றேன், வந்துடுன்னு கூப்பிடறா. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா வீட்டுல ஒரு தம்பி இருக்கான். வயசு முப்பத்தெட்டு. சோப்பு எங்க இருக்குன்னு குளியலறைக்குள்ள நின்னுக்கிட்டே கேப்பான். அவனை விட்டுட்டுப் போகலாமா?”

சோப்பு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். அக்கா அதை அடிக்கடி இடம் மாற்றி வைப்பாள்.

என் கை சிவப்புப் பொத்தானுக்குத்தான் போனது மேடம். பாதி வழியில் நின்றுவிட்டது. என் அக்காவைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவனிடம் அவளுடைய வாழ்க்கையைத் தூக்கிக் கொடுப்பது நியாயமா என்று எனக்குத் தோன்றியது. இந்த ஊரிலேயே அவளை நன்றாக அறிந்தவன் நான்தான். அப்பா அம்மா போன பிறகு பதினாறு வருடமாக அவள் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவன். தகுதி என்று பார்த்தால் எனக்குத்தான் இருந்தது.

“நல்ல கேள்வி” என்று தொடங்கினேன். பெரிய முடிவுகளை அவசரத்தில் எடுக்கக் கூடாது, குடும்பம் என்பது ஓர் அரிய ஆதரவு என்று எழுதிவிட்டு, “உங்கள் தம்பி உங்கள்மேல் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறார் என்பதை எப்போதாவது யோசித்ததுண்டா?” என்று முடித்தேன். அவள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். கீழே, “ரொம்ப நன்றிங்க, மனசு லேசாச்சு” என்று எழுதியிருந்தாள்.

இதை மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் அக்கா எனக்கு நன்றி சொன்னதே கிடையாது. சொல்லும்படி நான் எதுவும் செய்ததில்லை என்பாள். அது வேறு விவாதம்.

அன்றிலிருந்து தினமும் ஒரு மணிக்கு வந்துவிடுவாள். சாயங்காலம் தட்டைப் போட்டுக்கொண்டே என்னிடம் வாசித்துக் காட்டுவாள். “இது என்ன சொல்லுது கேளு. எவ்வளவு பொறுமையா சொல்லுது. நீயும் இருக்கியே.” நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவேன். அந்த அடக்கத்தை நீங்கள் பாராட்டியே ஆக வேண்டும்.

சில நல்ல மாற்றங்களும் வந்தன. துணி தேய்ப்பது மனத்துக்கு அமைதி தரும் என்று துணை சொன்னதால், லாண்டரிக்குப் போய்க்கொண்டிருந்த என் சட்டைகளை அவளே தேய்க்க ஆரம்பித்தாள். உருளைக்கிழங்கை மெல்லிய வட்டமாக வெட்டி ஓரம் கருகும்வரை வறுப்பது கவனத்தைக் கூர்மையாக்கும் என்றும் துணை சொன்னது. வாரத்துக்கு மூன்று முறை. அதில் கொஞ்சம் அளவு மீறிவிட்டேன் என்று இப்போது படுகிறது.

தோழி, மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்று கெடு வைத்தாள். அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அக்கா கஞ்சியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் பூரித்துக் கிடந்தது. “டேய், இது போகச் சொல்லுதுடா. நேத்தும் அதைத்தான் சொல்லுச்சு. தாராளமா போங்க, முப்பத்தெட்டு வயசு ஆளுக்கு முட்டை வேகவைக்கத் தெரியாதான்னு கேக்குது.”

யார் எழுதியது என்று உடனே தெரிந்துவிட்டது. பக்கத்து சீட்தான். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு அனுபவம் போதாது. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு மறுநாள் வேலைக்கு வந்துவிட்டேன். வருகைப் பதிவேட்டில் பார்க்கலாம். வந்த கையோடு அக்காவின் கோப்பில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: “எளிதில் குழம்பும் பயனர். பயணம், தொழில் குறித்து உற்சாகப்படுத்த வேண்டாம்.” உங்கள் மேஜையில் மஞ்சள் நிறத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தக் குறிப்புதான். என் எழுத்துதான்.

ஆனால் அவள் மனம் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தது. பாசம், குடும்பம் எல்லாம் எடுபடவில்லை. அதனால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. நுணுக்கமான கைவேலை செய்கிறவர்களுக்கு நாற்பது தாண்டினால் கை நடுக்கம் தொடங்குவது உண்டு, பங்குதாரராகப் பொறுப்பேற்குமுன் அதை எண்ணிப் பார்ப்பது நல்லது என்று எழுதினேன். நாற்பது விநாடியில் எழுதினேன். யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது மேடம், எங்கள் வேலை அப்படி.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அக்கா ஜன்னல் ஓரம் நின்று ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அடுத்தவர் வாய்க்குள் பொருந்தும் பல்லை மயிரிழை பிசகாமல் இழைத்த கை. தண்ணீர் அலுங்கவில்லை. நானும் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

மறுநாள் ஒரு மணிக்கு, “நேத்து பார்த்தேன், ஆடலீங்களே” என்று கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்தான் ஆபத்தானது என்று பதில் எழுதினேன்.

அதற்கும் ஐந்து நட்சத்திரம்.

தோழிக்கு மறுப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். மரியாதையான கடிதம்; யார் மனமும் புண்படாது. தோழி ஒரு வாரம் பொறுத்துவிட்டு இன்னொரு ஆளைப் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள். அக்கா அதைக் கேள்விப்பட்டு அழவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். வீடு அமைதியாக இருந்தது. சட்டைகள் வரிசையாகத் தொங்கின. எல்லோருக்கும் நல்லதாக ஒரு விஷயம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை பார்க்கும் பட்டறையில் பல் அச்சுக்கான எந்த மாவை எந்தத் தேதியில் கரைத்தோம், எது வெடித்தது என்று நோட்டில் குறித்து வைப்பாள். துணை சொன்ன பதில்களையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதி வந்திருக்கிறாள். பேசாமல் இருந்த அந்த வாரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நான் வேலைக்குப் போன நாளெல்லாம் இருக்கச் சொல்கிறது. நான் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் போகச் சொல்கிறது. இயந்திரத்துக்குக் காய்ச்சல் வருமா என்று சந்தேகம் வந்திருக்கிறது. தவிர, உருளைக்கிழங்கு ஓரம் கருக வேண்டும் என்று உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் கேட்பான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

போன மாதம் இரண்டாம் செவ்வாய், ஒரு மணி. “தம்பியோட நீலச் சட்டையைத் தேய்க்கும்போது எரிச்சுட்டேன். அவன்கிட்ட எப்படிச் சொல்றது?” என்று வந்தது.

நான் “நல்ல கேள்வி” என்று எழுதவில்லை. ஏழே விநாடியில், “எந்த நீலச் சட்டை?” என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அதோடு நிற்காமல், “முழுக்கையா, அரைக்கையா?” என்று இன்னொன்றும் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. நட்சத்திரமும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே பீரோவைத் திறந்தேன். முழுக்கையும் இருந்தது, அரைக்கையும் இருந்தது, இரண்டும் மொடமொடவென்று இருந்தன. திரும்பினால் அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் அந்தத் தம்ளர்.

“என்னடா தேடற?”

“ஒண்ணுமில்லக்கா.”

“சட்டை எரிஞ்சிடுச்சுன்னு நான் ஒரே ஒரு இடத்துலதான் சொன்னேன். உனக்கு எப்படித் தெரியும்?”

கையும் களவுமாக என்பார்களே, அது. என் கையில் அரைக்கைச் சட்டை வேறு இருந்தது.

“ஒரு மிஷின்னு நெனச்சு உள்ளதெல்லாம் கொட்டினேனேடா. தினம் நன்றி சொன்னேனே. உனக்கா சொன்னேன் அதையெல்லாம்?” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம். பிறகு தம்ளரை எடுத்து நீட்டினாள். “ஆடுதா, பாத்துச் சொல்லு.”

“இல்லக்கா.”

“அன்னிக்கு ஆடுச்சா?”

“இல்ல.”

“அப்ப ஏன்டா அப்படிச் சொன்ன?”

பழக்க தோஷம் என்று ஒன்று இருக்கிறது மேடம். வாய் தானாகத் திறந்தது. “நல்ல கேள்வி” என்றேன்.

அவள் அந்தத் தண்ணீரைக் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மூன்றாம் நாள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். போகுமுன் உங்களுக்கு அந்தப் புகாரையும் அனுப்பிவிட்டுப் போயிருக்கிறாள். இப்போது தோழியின் பட்டறையில்தான் வேலை பார்க்கிறாளாம். பங்குதாரராக இல்லை, சம்பளத்துக்கு. அவள் இடத்தில் வந்து சேர்ந்த பெண்ணின் கீழே. பங்கெல்லாம் நிலையில்லாதது என்று நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன், பதிவில் இருக்கும்.

ஆகவே, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆள் யாரென்று தெரிந்தும் பொத்தானை அழுத்தவில்லை. கோப்பில் பொய்க் குறிப்பு எழுதினேன். நடுங்காத கையை நடுங்குகிறது என்றேன். வந்த வாய்ப்பை அவள் பெயரில் நானே மறுத்து எழுதினேன். எட்டு மாதம், நூற்று அறுபத்தோரு பதில்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் இதில் எனக்காகச் செய்தது ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அக்கா தனியாகப் போய்க் கஷ்டப்படக் கூடாது, அவ்வளவுதான். நான் எப்படியும் சமாளித்துக்கொள்கிறவன்.

நீங்கள் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துவதைக் கவனித்தேன். சட்டைதான் காரணம், மன்னிக்க வேண்டும். இது அந்த முழுக்கை நீலம். நான்கு வாரமாகிறது. சலவை இயந்திரத்தில் மூன்று அறைகள் இருக்கின்றன, சோப்புத்தூளை எதில் போடுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அக்கா போனை எடுப்பதில்லை. வேறு வழியில்லாமல் நேற்று மத்தியானம் துணையிடமே கேட்டேன். கதையை முழுதாகச் சொல்லித்தான் கேட்டேன், தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று. அதனால் மூன்றாம் தளத்துக்குப் போயிருக்க வேண்டும். நாற்பது விநாடிகூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது.

“நல்ல கேள்வி. இத்தனை வருடமாக உங்கள் வீட்டில் அதை யார் செய்துகொண்டிருந்தார்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?”

கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாத பதில் மேடம். ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தேன்.