நீலம் வடித்த கைகளுக்கு, அவற்றைச் சந்தேகித்த நாங்கள்

பாசியின் பச்சைக்குள் பதுங்கிக் கிடந்த நீலத்தைப் பக்குவமாய் வெளிக்கொணர்ந்த பெருந்தகையே! நிறம் வடிப்பதில் நிகரற்றவரே! இருபத்தெட்டு ஆண்டுகள் இத்தொழிற்கூடத்தின் குளிரறையில் நின்றபடியே உழைத்த எங்கள் ‘நீலக்கை’ அக்காவே! வணக்கம்.

மற்றவர்களுக்கு எழுதும் மடலென்றால் இந்த இடத்தில் பொறுமையைக் கடலென்றும் உழைப்பை மலையென்றும் புகழ்ந்து, கைதட்டி அனுப்பியிருப்போம். எங்களுக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆறு மாதமாக உங்களைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதை மறைத்துவிட்டு வாழ்த்த எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்தச் சந்தேகத்தைத் தொடங்கிவைத்தவர், இதோ உங்கள் முன் நின்று இம்மடலை வாசிக்கும் மதிய ஷிப்ட்காரர்தாம். காலை ஷிப்ட் உங்களுடையது. இருவருக்கும் ஒரே குளத்துப் பாசி, ஒரே அளவு. பாசியை உறையவைத்து உருக்கினால் நீலச்சாறு கசியும். அதில் அம்மோனியம் சல்பேட் உப்பைக் கரைத்தால் நிறப்புரதம் அடியில் படியும். படிந்ததைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பைக் கழித்து, உலர்த்தித் தூளாக்க வேண்டும். அவருக்கு முப்பது கிராம் வந்தது. உங்களுக்கு இருபத்திரண்டைத் தாண்டவே இல்லை. நிறத்தை மட்டும் அளக்கும் நிறமானியோ இருவர் தூளையும் சுத்தம் என்றது. அப்படியானால் மீதி எட்டு கிராம் எங்கே போகிறது?

அன்று முதல் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உங்களைப் பார்க்கத் தொடங்கினார். ஜன்னலுக்கு எதற்குக் கறுப்புத் துணி? வெளிச்சம் பட்டால் நீலம் வெளுக்கும் என்பது அவருக்கும் தெரியும்; ஆனாலும் அது சாக்கு என்றே பட்டது. அக்கா கதவை ஏன் தாழிடுகிறார்? கைக்குட்டையில் ஏன் நீலக்கறை? நீங்கள் சிரித்தால் சூழ்ச்சி என்றார், சிரிக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு என்றார். நாங்களும் ஒத்து ஊதினோம்! மேலாளரிடம் புகார் போனது. பணிநிறைவா பணிநீக்கமா என்று உங்கள் இருபத்தெட்டு ஆண்டும் ஊசலாடிய மூன்று வாரமும், தினமும் வாசலில் உங்கள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கூடும் சாப்பாட்டு டப்பாவும்தான் விழுந்தன. “அக்கா கெட்டிக்காரி, பையில கொண்டுபோவாங்களா?” என்றார் இவர். அந்த வரியையும் இப்போது அவரே வாசிக்கிறார்.

விசாரணையில் நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். “என் தூளை எடை போட்டீங்க, சரி. அவரு தூள்ல என்ன இருக்குன்னு யாராவது பாத்தீங்களா?” பழியைத் திருப்பிப் போடுகிறார் என்று எழுதி மூடிவிட்டோம்.

பிறகு மதிய ஷிப்ட்காரரே உங்கள் அறையில் உட்கார்ந்து, முதல் சொட்டு முதல் கடைசிக் குழாய் வரை எண்ணினார். எதுவும் வெளியே போகவில்லை. எடை மட்டும் அதே இருபத்திரண்டு. அவர் மூன்று முறை மாற்றும் பைத்தண்ணீரை நீங்கள் ஆறு முறை மாற்றியதைக் கண்டதும், அக்கா அகப்பட்டுக்கொண்டார் என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது. நீலத்தைக் கரைத்து ஊற்றுகிறீர்களோ என்று கேட்டும் விட்டார். நீங்கள் உங்கள் கடைசித் தண்ணீரில் பேரியம் குளோரைடு ஒரு சொட்டு விட்டீர்கள். தெளிவாகவே இருந்தது. சொட்டுக்குழாயை அவர் கையில் கொடுத்தீர்கள். அவருடைய கடைசிப் பைத்தண்ணீரில் விட்டதும் அது பால்போல வெளுத்தது.

உப்பு! நிறமானியின் கண்ணுக்குப் படாமல், பேரியம் பட்டதும் வெளுத்துக் காட்டிக்கொடுத்த சல்பேட் உப்பு! நாங்கள் மார்தட்டிய அந்த எட்டு கிராமும் கழுவப்படாத உப்பு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை நீங்கள் முடிக்க விடவில்லை.

“இந்த உப்போடயே பதினாறு டப்பா சோதனைக்கூடங்களுக்குப் போயிருக்கு. முதல்ல அதைத் திருப்பி வாங்குங்க. மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்.”

வாங்கினோம். பணியின் கடைசி இரண்டு வாரமும் எங்கள் தூளைக் கரைத்து, பையில் கட்டி, தண்ணீர் மாற்றிக்கொண்டு நின்றீர்கள். விருந்துக்கு உடை மாற்றிவிட்டு வாருங்கள் என்று இன்று காலை அழைத்தோம். பதினாறாவது பையின் தண்ணீர் இன்னும் தெளியவில்லை என்று மறுத்தீர்கள். அது தெளிந்த பிறகுதான் இந்த மேடைக்கு வந்திருக்கிறீர்கள்.

நலம் குன்றாமல், நோய் அண்டாமல், நெடுங்காலம் நீங்கள் நினைத்த நேரத்தில் எழுந்து நினைத்த இடத்துக்குப் போய்வர வாழ்த்துகிறோம். அக்கா, எங்களை மன்னியுங்கள். சரி, விடுங்க என்று நீங்கள் சொன்னாலும், மெய்யாகவே விட்டுவிட்டீர்களா என்று மதிய ஷிப்ட்காரர் சந்தேகப்படத்தான் செய்வார். இம்முறை அந்தச் சந்தேகத்தோடு அவர் ஒருவரே இருந்துகொள்ளட்டும்.

தலைகுனிந்து கையொப்பமிடும்,
சுத்திகரிப்புப் பிரிவுப் பணியாளர்கள்