வெள்ளைக்காரனுக்குப் பட்டுக் கோட்டு

செய்யாறு பஸ்ஸில், முன்சீட்டு இளைஞன் மடியிலிருந்த ஸ்வீட் பாக்ஸைத் திறந்து பக்கத்திலிருந்த, அவன் தெருவில் பட்டுத்தறி நெய்யும் பெண்ணிடம் சொன்னான்.

"நான் கற்பனையா கட்டுன இந்த உலகத்துல வெள்ளைக்காரன் ஆரணியிலயே தோத்துட்டான்க்கா. நம்மகிட்ட நீராவி யானை இருந்துச்சு."

உள்ளே கட்டைவிரல் உயரத்தில் இரண்டு பொம்மைப் படைகள்.

"வெளாட்டுக்கா?"

"ஆமாக்கா. இன்னிக்கு ஃப்ரெண்டுகூட இதுங்களை வெச்சு சண்டை வெளாட்டு. ரெண்டு மாசமா இதுங்களைச் செஞ்சிகினு இருந்தேன்."

அவர் ஒரு சிப்பாயை எடுத்துத் தடவிப் பார்த்தார். "இன்னாப்பா, வெள்ளைக்காரன் கோட்டு அரக்குப் பட்டா? ஜரிகை வேற?"

"செவப்புக் கோட்டாச்சேக்கா. உங்க தறியில மிஞ்சின நூலைத்தான் சுத்தி ஒட்டுனேன்."

"நம்மாளுங்களுக்கு?"

"வெறும் பெயின்ட்தான். பட்டு தீந்துபோச்சு."

அவர் சிப்பாயைப் பெட்டியில் வைத்தார்.

"நீயா கட்டுன உலகத்துலயும், நம்மகிட்ட வரும்போது தீந்துதான் போவுதா?"