நாற்பத்தோராவது ஃபாரம்

— தரையைப் பாத்துக்கிட்டே சொல்லாத பவானி. நிமிர்ந்து சொல்லு. மறுபடியும் கேக்கறேன். ஏம்மா படிப்பை நிறுத்தின?

— ஆர்வம் இல்லைங்க சார்.

— இப்படிச் சொன்னா யாரு நம்புவாங்க? மனப்பாடம் பண்ணின மாதிரி இருக்கு.

— மனப்பாடம் பண்ணதுதானேக்கா. நீதான எழுதிக் குடுத்த.

— அந்த முறத்தை ஓரமா வை. சாமை எங்கேயும் ஓடிடாது. பதினோரு மணி பஸ்ஸுல சார் வந்துடுவாரு. இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்ல.

— கை சும்மா இருந்தா எனக்குப் பேச வராது. நான் பொடைச்சிக்கினே சொல்றேன். நீ கேளு.

— எத்தனாவது வரைக்கும் படிச்ச?

— பதினொண்ணு. பாதியில நின்னுட்டேன்.

— பத்தாவதுல மார்க்கு?

— நானூத்தி முப்பத்தாறு.

— அதை நீயா சொல்லாத. அவரு கேட்டா மட்டும் சொல்லு.

— ஃபாரத்துல நீயேதான எழுதி வெச்சிருக்க?

— எழுதித் தொலைச்சிட்டேன். அதுல வந்ததுதான் எல்லாம். எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு ஊர்ல எடுத்த சர்வேன்னு நான் குடுத்த நூறு ஃபாரத்துல நாப்பத்தொண்ணாவது ஃபாரத்தை மட்டும் உருவி எடுத்து, 'நானூத்தி முப்பத்தாறு வாங்கின பொண்ணுக்குப் படிப்புல ஆர்வம் இல்லையா? இந்தப் பொண்ணை நான் நேர்ல பாக்கணும்மா'ன்னு காசிநாதன் சார் கிளம்பிட்டாரு.

— நல்ல சாராத்தான் கீறாரு.

— அவரு நல்லவரா இருக்கறதுதான் இப்போ கஷ்டம். வேற யாராவது இருந்தா பக்கத்தை எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாங்க.

— நூறு ஃபாரத்தையும் நீயேவா எழுதின?

— மெதுவா பேசு.

— யாரு கீறாங்க இங்க? கோழிதான் கீது.

— நானேதான். ஹாஸ்டல்ல உக்காந்து நாலு நாள்ல எழுதினேன். கையெழுத்து ஒரே மாதிரி தெரியக் கூடாதுன்னு மூணு பேனா மாத்தினேன்.

— ஏங்க்கா? பொங்கலுக்கு வந்தப்ப அந்தக் காயிதத்தையெல்லாம் தூக்கிக்கினு ஊருக்குள்ள போனியே.

— போனேன். முதல் வீடு காசியம்மாள் அத்தை வீடு. உக்கார வெச்சுக் களி போட்டாங்க. நான் பேனாவை எடுத்து, உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்னு கேட்டேன். என்னையே பாத்தாங்க. 'ஏண்டி, உனக்குத் தெரியாதா?'ன்னாங்க.

— அத்தை அப்படித்தான கேக்கும்.

— சரின்னு அடுத்ததைக் கேட்டேன். வீட்டில் கழிப்பறை உண்டா? 'சின்னதுல நீயும் எங்கூட ஓடைக்கு வந்தவதான, மறந்துட்டியா'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. அதுக்கு அடுத்த கேள்வி என்ன தெரியுமா? குடும்பத்தில் யாருக்கேனும் குடிப்பழக்கம் உண்டா? மாமா எதிர்லயே உக்காந்திருக்காரு.

— கேட்டியா?

— தட்டைக் கழுவி வெச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் வேற ஒரு வீட்டுக்கும் போகல. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச வீடு. தெரிஞ்சதையே போய்க் கேட்டு எதுக்கு அவமானப்படணும்னு நானே எழுதிட்டேன்.

— நம்ம வூட்டுக்கு இன்னா போட்ட? குடிப்பழக்கத்துக்கு?

— இல்லைன்னு போட்டேன்.

— நம்ம வூட்டுக்கா?

— நூறு வீட்டுக்கும் இல்லைன்னுதான் போட்டேன். நம்ம ஊரைப் பத்தி நானே எப்படி உண்டுன்னு போடுவேன்?

— நூறு வூட்டுல ஒருத்தர்கூட குடிக்கலன்னா சாருக்கு சந்தேகம் வராதா?

— வரல. ரொம்ப ஆச்சரியப்பட்டாரு. விழிப்புணர்வுன்னு தலைப்புப் போட்டு ரெண்டு பக்கம் தனியா எழுதச் சொன்னாரு. எழுதினேன்.

— அப்பா கிட்ட அதப் படிச்சுக் காட்டேன். சந்தோசப்படும்.

— கிண்டல் பண்ணாத.

— சரி, முனியன் தாத்தா வூட்டுக்கு இன்னா எழுதின?

— கழிப்பறை உண்டு. கவர்மெண்டுல கட்டிக் குடுத்தாங்களே.

— அதுல வெறவு அடுக்கி வெச்சிருக்காங்க. மழைக் காலத்துல ஆட்டுக் குட்டிய உள்ள வுட்டு மூடிடுவாங்க.

— ஐயோ.

— ஜெயம்மா பெரியம்மா வூடு?

— அபிநயா பன்னிரண்டாவது படிக்கிறா.

— அதுக்கு ஆவணியிலயே கல்யாணம் ஆயிடுச்சு. சின்னசேலத்துல கீது.

— எனக்கு யாருமே சொல்லலையே.

— நீ கேக்கலயே.

— குத்திக் காட்டறியா?

— இல்லக்கா. சார் அந்த வூட்டுக்குப் போனா மாட்டிக்குவியேன்னுதான் சொன்னேன்.

— மாட்டினா எம்.ஏ. போச்சு. ப்ராஜெக்ட் பொய்னு தெரிஞ்சா டிகிரி தர மாட்டாங்க. அது போனாக்கூடப் பரவாயில்ல. டிபார்ட்மெண்ட்ல எல்லார் எதிர்லயும் என்னை எழுந்து நிக்கச் சொல்லி, 'மலையைப் பத்தி மலைப்பொண்ணே எழுதியிருக்கா, இதுல ஒரு வரிகூட பொய் இருக்காது'ன்னு சொல்லிக் கைதட்டச் சொன்னாரு.

— தட்டுனாங்களா?

— தட்டினாங்க. பி.ஏ.வுல இருந்து அஞ்சு வருஷமா அங்க இருக்கேன், அன்னிக்குத்தான் எனக்குக் கைதட்டினாங்க.

— சரி அழுவாத. கண்ணு செவந்திருந்தா இன்னா ஏதுன்னு கேப்பாரு. நான் சொல்றேன். நிமிந்தே சொல்றேன்.

— இன்னொண்ணு இருக்கு பவானி.

— இன்னா?

— நீ இங்க இருக்க வேணாம். ஜெயம்மா பெரியம்மா வீட்டு வாசல்ல போய் உக்காந்துக்க. அவங்க கொல்லைக்கு வேலைக்குப் போயிட்டாங்க, கேட்டு வெச்சிருக்கேன்.

— எதுக்கு?

— ஃபாரத்துல பேரு எழுதக் கூடாது, நம்பர் மட்டும்தான். நாப்பத்தொண்ணு நம்ம வீடுன்னு சாருக்குத் தெரியாது. தெரிஞ்சா, 'அக்கா எம்.ஏ. படிக்கும்போது தங்கச்சிக்கு எப்படிம்மா ஆர்வம் இல்லாம போகும்'னு குடைவாரு.

— அப்ப நான் யாரு?

— பக்கத்து வீட்டுப் பொண்ணு.

— ம்.

— கோவமா?

— இல்ல. உன்ன இன்னான்னு கூப்புடறதுன்னு யோசிக்கறேன். அக்கான்னா தப்பில்லையே? பக்கத்து வூட்டுப் பொண்ணும் அக்கான்னுதான கூப்புடும்.

— கூப்பிடு.

— அம்மா? அது யாரு?

— அம்மாவை மரவள்ளிக் கொல்லையிலேயே சாயங்காலம் வரைக்கும் இருக்கச் சொல்லணும்.

— மத்தியானம் கஞ்சிக்கு வருமே.

— நீ முன்னாடியே கொண்டு போய்க் குடுத்துடு. சாரைப் பாத்தா அம்மா சும்மா இருக்காது. கால்ல விழும். மலைக்கு அந்தாண்ட இருக்கறவங்க கிட்ட பேசற மாதிரி கத்தும். வேணாம்.

— கத்தினா இன்னாக்கா?

— உனக்கு அங்க எப்படின்னு தெரியாது. ரூம்ல மத்த நாலு பேரும் ஈரோடு, கோயம்புத்தூர் பக்கம். நான் 'இன்னா'ன்னு ஒரு தடவை கேட்டுட்டா, ஒரு வாரத்துக்கு எதுக்கெடுத்தாலும் 'இன்னா, இன்னா'ம்பாளுங்க. உங்க மலையில கரண்ட் இருக்கா, சாராயம் காய்ச்சறத நீ பாத்திருக்கியான்னு கேப்பாளுங்க. முதல் செமினார்ல இங்கிலீஷ்ல நாலு வரி பேசிட்டு அஞ்சாவது வரி வராம அப்படியே நின்னேன். மேடம் உக்காரச் சொல்லல. மணி அடிக்கிற வரைக்கும் நின்னேன். மெஸ்ஸுல தட்டோட யாரு பக்கத்துல போறதுன்னு தெரியாம, எல்லாரும் எழுந்து போனதுக்கு அப்புறம் போய்ச் சாப்பிடுவேன்.

— மெஸ்ஸு எனக்குத் தெரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— நான் வந்தேனே. அரைப் பரீட்சை லீவுல ரெண்டு நாள் உங்கூட தங்கினேனே.

— ஆமா இல்ல. மறந்தே போயிட்டேன். உன்னை லைப்ரரியில இருந்து இழுத்துக்கிட்டு வர வேண்டியிருந்துச்சு.

— அவ்ளோ பொஸ்தகத்த ஒரே எடத்துல நான் பாத்ததில்ல. இங்கதான் வந்து சேரணும்னு அன்னிக்குக் காத்தால நெனச்சேன்.

— காத்தால நினைச்சியா? ஊருக்கு வந்த மறு வாரமே ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு படுத்துக்கிட்டியே.

— ஆமா.

— சரி, அது இருக்கட்டும். நேரம் ஆகுது. கடைசியா ஒரு தடவை பாத்துடலாம். நான்தான் சார். ஏம்மா, இவ்வளவு நல்லா மார்க் வாங்கியிருக்கியே. ஏன் படிப்பை நிறுத்தின?

— எங்கக்கா யுனிவர்சிட்டியில படிக்குதுங்க சார். அதப் பாக்கப் போயிருந்தேங்க.

— பவானி, இது இல்ல.

— கொஞ்ச நேரம் நீ சாராவே இரு அக்கா. ரூம்ல சாயங்காலம் எல்லாரும் டீ குடிச்சிக்கினு இருந்தாங்க சார். ஒரு பொண்ணு எங்கக்கா கிட்ட சொல்லுச்சு, 'சங்கவி, உங்கம்மா மாதிரி பண்ணிக் காட்டு'ன்னு.

— வேணாம்டி.

— அட்மிஷனுக்கு எங்கம்மா போயிருந்துச்சுங்க. அந்தப் பெரிய ஆபீஸ் படியைப் பாத்ததும், கோயிலுக்குள்ள போற மாதிரி செருப்பக் கழட்டிடுச்சாம். வெளிய வுட்டா தொலைஞ்சிடும்னு கக்கத்துல வெச்சுக்கினு ஏறுச்சாம். அக்கா அத அப்படியே பண்ணிக் காட்டுச்சு சார். ரெண்டு செருப்பையும் கக்கத்துல இடுக்கிக்கினு, துப்பட்டாவத் தலையில போட்டுக்கினு, ரூம் முழுக்க நடந்துச்சு. 'அய்யா, எம்பொண்ணு பேர எயுதிக்கிற அய்யா எங்க கீறாரு'ன்னு கத்துச்சு. அம்மா கொரலே வந்துச்சு சார்.

— போதும்.

— எங்கம்மாவுக்கு இது தெரியாதுங்க.

— போதும் பவானி. அவளுங்க என்னச் சேத்துக்கினதே அதாலதான்டி. நானா பண்ணிக் காட்டினப்புறம்தான் என்னக் கேலி பண்றத வுட்டாளுங்க. மெஸ்ஸுல எனக்கு எடம் புடிச்சு வெச்சாளுங்க. வாரத்துக்கு ஒருக்கா கேப்பாளுங்க, நான் பண்ணுவேன். நீ அன்னிக்கு ரூம்ல இருந்தது எனக்கு நெனப்பே இல்ல.

— கட்டுல்மேல இருந்தேன். ஜன்னல் பக்கம்.

— இத்தினி நாளா ஏன்டி சொல்லல? ரெண்டு வருசமா அப்பா உன்னத் திட்டிக்கினே கீறாரு. மார்க்கு வாங்கின கழுத மாடு மேய்க்குதுன்னு ஊரே பேசுது. வாயத் தொறந்தியா நீ?

— பாத்தியா, இப்பதான் உனக்கு நம்ம பேச்சு வருது.

— சிரிக்காத. ஆர்வம் இல்லன்னு நீதான் அப்பா கிட்ட சொன்ன. அத நம்பித்தான் ஃபாரத்துல போட்டேன்.

— போட்டது போட்டதாவே இருக்கட்டும். பயப்படாத. உன் சார் கிட்ட இதெல்லாம் சொல்ல மாட்டேன். ஆர்வம் இல்லைங்கன்னுதான் சொல்லுவேன். பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு வேற இன்னா தெரியும்?

— தோ, ஹாரன் கேக்குது.

— அது மேல் வளைவு. இங்க வர்றதுக்குப் பத்து நிமிசம் ஆவும். மூஞ்சக் கழுவு. நான் பெரியம்மா வூட்டுக்குப் போறேன்.

— போவாத. இங்கயே உக்காரு.

— சார் வந்துடுவாருக்கா.

— வரட்டும். பையில காலி ஃபாரம் மிச்சம் கீது. ஒண்ணு எடுக்கறேன்.

— எதுக்கு?

— ஒரு வூட்டுலயாவது கேட்டு எழுதறேன். நீ சொல்லு. சார் வந்து நின்னாலும் எழுதிக்கினே இருப்பேன். இது யாரும்மான்னு கேட்டா என் தங்கச்சின்னு சொல்றேன். அந்த நூறும் நானா எழுதினதுன்னும் சொல்லிடறேன்.

— டிகிரி தர மாட்டாங்கன்னியே.

— தர மாட்டாங்கதான்.

— அவசரப்படாதக்கா. அஞ்சு வருசம் அங்க பட்டதெல்லாம் வீணாப் போயிடும்.

— யோசிச்சா பயம் வந்துடும். கேக்கறதுக்குப் பதில் சொல்லு. குடும்பத்தில் எத்தனை பேர்?

— உனக்குத் தெரியாதா?

— தெரியும். இருந்தாலும் கேக்கறேன்.

— நாலு பேர்.

— குடிப்பழக்கம்?

— உண்டு. அப்பாவுக்கு.

— படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்?

— ஒருத்தர். பொண்ணு. வயசு பதினெட்டு.

— நிறுத்தியதற்கான காரணம். ஆர்வமின்மை, தூரம், வறுமை, திருமணம். அஞ்சாவது, பிற. பிற-ல டிக் போடறேன். பக்கத்துல அக்கான்னு எழுதறேன்.

— எழுதாத. அது பொய்.

— பொய்யா? இப்பதானடி சொன்ன?

— உம்மேல கோவம் இருந்திருந்தா நான் ஸ்கூலுக்குப் போயிருப்பேன். உன்னவிட ஜாஸ்தி படிச்சுக் காட்டணும்னு போயிருப்பேன்.

— பின்ன எதுக்குடி நின்ன?

— எனக்கு எம்மேலதான் பயம் வந்துச்சு. அந்தப் பொண்ணுங்க எல்லாம் சிரிச்சு முடிச்சு டீ கிளாஸ எடுத்துட்டாங்க. நான் ஒருத்திதான் இன்னும் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சிக்கினே இருந்தேன்க்கா.