கழுவிக்கொண்டு வந்த கால்கள்

அக்கா: ...அதெல்லாம் இருக்கட்டும். இது எப்போலேருந்து?

சாமியார்: எது?

அக்கா: ஷூ. குருப்பட்டம் வாங்கின நாள்லேருந்து என் தம்பி பீடத்துல வெறுங்காலோடதான் நின்னிருக்கான். இன்னைக்கு மினுமினுன்னு கருப்பு ஷூ.

சாமியார்: தரை ஜில்லுன்னு இருக்கு அக்கா. வயசாகுதுல்ல.

அக்கா: உனக்கு வயசாச்சுன்னா நான் என்ன, கல்லறைக்கா போயிட்டேன்?

சாமியார்: நீ ஏன் சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே? அதைச் சொல்லு முதல்ல.

அக்கா: பெரிய வியாழனாச்சே, தம்பி பாதம் கழுவற பூசையைப் பாக்க வந்தேன். வரக்கூடாதா?

சாமியார்: வரலாம். ஆனா பூசைக்கு வந்தவ கோயில்ல உக்காராம, நான் உடை மாத்துற அறையில...

கோயில்பிள்ளை: சாமி, தண்ணி சூடு பண்ணியாச்சு. தாம்பாளம், துண்டு எல்லாம் எடுத்து வச்சிட்டேன். பாதம் கழுவிக்கற பன்னிரண்டு பேர்ல பதினோரு பேர் வந்தாச்சு. ஒருத்தருக்குக் காய்ச்சலாம்.

சாமியார்: வேற யாரையாவது உக்கார வைங்க அண்ணே.

கோயில்பிள்ளை: வாசல்ல ஒரு லாரி டிரைவர் நிக்கிறாரு. கேட்டேன், மாட்டேங்கறாரு. காலெல்லாம் சேறாம்.

அக்கா: கழுவத்தானே போறீங்க?

கோயில்பிள்ளை: அது உங்களுக்குத் தெரியாதும்மா. மத்த பதினோரு பேரும் வீட்லயே சோப்புப் போட்டுத் தேய்ச்சு, நகம் வெட்டி, பவுடர் பூசிட்டு வந்திருக்காங்க. வருஷா வருஷம் அப்படித்தான்.

அக்கா: கழுவிக்கறதுக்குக் கழுவிட்டு வர்றாங்களா? நல்ல கூத்து.

சாமியார்: வெட்கம் அக்கா. அழுக்குக் காலைக் குரு கையில எப்படிக் குடுக்கறதுன்னு.

அக்கா: ம்... உனக்கும் அதே வெட்கம்தான்.

சாமியார்: எனக்கென்ன?

அக்கா: முட்டி போட்டா உள்ளங்கால் ஜனத்துக்குத் தெரியும். அதுக்குத்தானே ஷூ? கழட்டுடா.

சாமியார்: அக்கா, மணியடிக்கப் போறாங்க...

அக்கா: கழட்டு.

சாமியார்: ...செருப்புக் கடிச்சது. சின்னப் புண்ணு.

அக்கா: அப்பாவும் செருப்புக் கடிச்சதுன்னுதான் சொன்னார். உன்னை மாதிரிதான், சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சும் மூடி மூடி வச்சார். முட்டிக்குக் கீழ காலை எடுத்தாங்க. அதுக்கப்புறமாவது பிழைச்சாரா?

சாமியார்: ஈஸ்டர் முடியட்டும். திங்கட்கிழமை டாக்டர்கிட்டப் போயிடறேன்.

அக்கா: அதுவரைக்கும் அந்தப் புண்ணு உனக்காக விரதம் இருக்குமா? வாடை அடிக்குதுடா தம்பி. கதவுகிட்ட வரும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

சாமியார்: இப்போ நான் போயிட்டா காலை யார் கழுவறது?

அக்கா: உனக்கு உதவியா இருக்கிற சின்ன சாமி சும்மாதானே இருக்கார். அவர் கழுவட்டும்.

சாமியார்: பங்குச் சாமி நான். இன்னைக்கு நான் குனியறதைப் பாக்கத்தான் ஜனம் வருது.

அக்கா: நீ குனியறதைப் பாக்கவா? சீடர்கள் காலைக் கழுவ ஆண்டவர் குனிஞ்சதை நினைக்கன்னுல்ல நான் நினைச்சேன். பாட்டுக் கேக்குதா வெளியில? ராஜா, ராஜான்னு பாடறாங்க. ராஜாதான். ஆனா அந்த ராஜா மேல்துணியைக் கழட்டி வச்சிட்டு இடுப்புல துண்டைக் கட்டினார். நீ குனியறதுலயும் முதல் ஆளா இருக்கணும்ங்கறே.

சாமியார்: அப்படி இல்லக்கா... சேவை பண்ண வந்தவன் நான். எனக்கே இன்னொருத்தர் பண்ணணும்னு ஆனா... அது என்னவோ, மனசு ஒத்துக்கலை.

அக்கா: ஆண்டவர் காலைக் கழுவ வந்தப்போ சீடர் பேதுருவும்தான் ஒத்துக்கலை. முடியவே முடியாதுன்னார். அப்புறம் காலை நீட்டினாரா இல்லையா? நீ எத்தனை தடவை அதைப் பிரசங்கம் பண்ணியிருக்கே.

சாமியார்: பிரசங்கம் பண்றது சுலபம்.

அக்கா: தெரியுது.

சாமியார்: பயமா இருக்குக்கா. டாக்டர் பாத்தா எடுக்கணும்னு சொல்லிடுவாரோன்னு... அதான் நானே பாக்கறதில்ல. கண்ணை மூடிட்டுத்தான் துணி சுத்தறேன்.

அக்கா: அட கிறுக்கா... என்கிட்டகூடச் சொல்ல முடியலையா?

சாமியார்: ...அண்ணே.

கோயில்பிள்ளை: சொல்லுங்க சாமி.

சாமியார்: சின்ன சாமியைக் கூப்பிட்டு, அவரையே பூசை வைக்கச் சொல்லுங்க. அந்த டிரைவரைப் பன்னிரண்டாவதா உக்கார வைங்க. சேறு அப்படியே இருக்கட்டும். நான் அக்காவோட ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

கோயில்பிள்ளை: சின்ன சாமிகிட்ட அப்பவே சொல்லிட்டேன். உடுப்பு மாட்டிட்டு நிக்கிறாரு. நீங்க உக்காருங்க. ஷூவை நான் கழட்டறேன்.

சாமியார்: வேண்டாம் அண்ணே, நீங்க போய்... ஐயோ, எந்திரிங்க. வயசுல என்னைவிட மூத்தவர் நீங்க.

அக்கா: நீட்டுடா.

சாமியார்: இந்தாங்க... மெதுவா அண்ணே.

கோயில்பிள்ளை: துணி புண்ணோட ஒட்டிக்கிட்டிருக்கு. இழுத்தா வலிக்கும். அம்மா, அந்தத் தாம்பாளத்தை இப்படித் தள்ளுங்க. நனைச்சு நனைச்சு எடுக்கறேன்.

சாமியார்: அது ஜனத்துக்கு வச்ச தண்ணி அண்ணே.

கோயில்பிள்ளை: அவங்களுக்கு வேற தாம்பாளத்துல வேற தண்ணி வச்சிருக்கேன் சாமி. இது உங்களுக்குத்தான்.

சாமியார்: எனக்கா? அப்போ... அக்காவை வரச் சொன்னது நீங்கதானா?

அக்கா: நேத்து போன் பண்ணினார். சொல்லாதீங்கன்னும் கேட்டுக்கிட்டார்.

சாமியார்: நான் யாருக்கும் காட்டலையே அண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

கோயில்பிள்ளை: தவக்காலம் தொடங்கி இந்த நாப்பது நாளா பீடத்துப் படியில ரத்தக்கறை சாமி. காலைப் பூசை முடிஞ்சு நீங்க உள்ள வந்ததும், ஜனம் கண்ணுல படறதுக்கு முன்னாடி போய்த் துடைச்சிடுவேன். உங்க மானத்தைக் காப்பாத்தறேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமைகூட இருந்துச்சு. நேத்து துடைக்கும்போதுதான் உறைச்சுது... படியைத்தான் தினம் துடைச்சிருக்கேன், காலைக் காட்டுங்கன்னு ஒரு நாள்கூடக் கேக்கலை. கொஞ்சம் அசையாம இருங்க, துணி விட்டு வருது.