நீல வில்லையை வெட்டவிடாத இன்ஆம் அம்மையாருக்கு

சைதா நகரக் கடற்கரைச் சாலை மருத்துவமனையில் கருவிப் பராமரிப்புக் கூடத்தின் தலைமைப் பொறியாளராக விளங்கி, இன்று பணிநிறைவு காணும் அம்மையார் இன்ஆம் ஹிப்லி அவர்களின் திருமுன், கூடத்து ஊழியர்கள் கூடி நின்று படித்தளிக்கும் மடல்.

பொங்கிவரும் மின்னழுத்தத்தைப் பொத்தான் அளவு வில்லையால் பொறுத்து நிறுத்திய பொறியாளரே! கரண்ட் போனாலும் கவலை, வந்தாலும் கவலை என்று கலங்கிக் கிடந்த எங்கள் கருவிகளுக்குக் காவலாய் வாய்த்தவரே! சூடான சால்டரிங் அயர்னையும் சூடான சொற்களையும் சற்றும் சலிக்காமல் ஒரே கையால் கையாண்ட சான்றோரே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இத்தனை அடைமொழிகளைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "மிஸ்பாஹ், வோல்டேஜ் கொஞ்சம் ஓவரா இருக்கே" என்று, இதைப் படிக்கும் என்னை நீங்கள் பார்ப்பீர்கள் எனத் தெரியும். பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் நாங்கள் சொல்வதை எல்லாம் நீங்கள் அளவுக்குள் அடக்கி வைத்தீர்கள். இன்று ஒருநாள் நாங்கள் அடங்குவதாக இல்லை.

அம்மையே! நம் ஊரில் கரண்ட் ஒரு பெண்பிள்ளை. நாளில் சில மணி நேரமே வரும் அரசுக் கரண்ட் வந்ததும் தெரு முழுக்க "வந்துட்டா! வந்துட்டா!" என்று கத்தும். சலவை இயந்திரம், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி என்று எல்லார் வீட்டுக் கையும் ஒரே நேரத்தில் சுவிட்சுக்குப் பாயும். நம் மருத்துவமனையும் ஜெனரேட்டரைத் தள்ளிவிட்டு அவளிடம் ஓடத்தான் பார்க்கும். நீங்கள்தான் குறுக்கே நிற்பீர்கள். "வந்தவ முதல்ல உட்காரட்டும். ஒரு காபி குடிச்சிட்டு மாத்துங்க" என்பீர்கள். அந்தச் சின்னக் கோப்பைக் காபி காலியாகும் வரை மாற்றுச் சுவிட்சில் யாரும் கை வைக்க முடியாது. வேறெந்த மருத்துவமனையிலும் காபியைக் கொண்டு மின்சாரத்தை அளந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பொறுமையையும் மீறி வருகிற அடிக்குத்தான் உங்கள் நீல வில்லை. துத்தநாக ஆக்சைடு பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த அந்த வாரிஸ்டர், கருவியின் வாசலில் சும்மா இருக்கும். அழுத்தம் சரியாக இருக்கிற நாளெல்லாம் அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. அளவு மீறி வந்தால் மட்டும் வழிவிட்டு, வருகிற அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். பெரிய அடி என்றால் தானும் கருகி, ஃபியூஸையும் போகவைத்து, உள்ளே இருப்பதைக் காப்பாற்றிவிடும்.

இங்கேதான் நம்மவர்களின் கைவரிசை ஆரம்பிக்கிறது. கருகிய வில்லையை வெட்டி எறிந்து, புது ஃபியூஸ் போட்டால் கருவி ஓடும். நன்றாகவே ஓடும். பழுதுபார்த்தவருக்குப் பேர், கொண்டுவந்தவருக்கு நிம்மதி. இந்த நாட்டில் வடக்கே தொடங்கி தெற்கே முடிய எத்தனை கடைகளில் அந்த வெட்டு விழுகிறதோ, யாருக்குத் தெரியும்? உங்கள் கூடத்தில் மட்டும் விழுந்ததில்லை.

அது எவ்வளவு கடினமான காரியம் என்பது எங்களுக்குப் புரிந்தது அந்த ஆகஸ்டு மாதத்து மதியத்தில்தான். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அபூ வஹீப் அவர்களை எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தில் மீன் விற்பவர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர், வாரத்துக்கு மூன்று முறை நம் டயாலிசிஸ் அறைக்கு வருபவர். அந்த வாரம் சாலை மறியலால் ஒரு முறை வர முடியாமல் போயிற்று. அடுத்த முறை மகள் விஸாலின் தோளில் சாய்ந்து வந்தபோது கால்கள் வீங்கி, பேச மூச்சுப் போதாமல் இருந்தார். மற்ற இயந்திரங்களில் எல்லாம் நோயாளிகள் இருந்தார்கள். அவருக்காகக் காத்திருந்த இயந்திரத்தில், தெரு "வந்துட்டா!" என்று கத்திய அதே நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் வில்லை கருப்பு. மாற்றுவதற்குக் கூடத்தில் ஒன்றுகூட இல்லை. புதுச் சரக்கு துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தது.

சாயங்காலத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்றார் நர்ஸ். நம் இயக்குநர் டாக்டர் நஸீப் அவர்களே கீழே இறங்கி வந்தார்.

"வெட்டிட்டு ஃபியூஸை மாத்துங்க மேடம். அஞ்சு நிமிஷ வேலை. ஊரே அப்படித்தான் பண்ணுது."

"வெட்டினா ஓடும் டாக்டர். ஓடறது பிரச்சினை இல்ல. அவர் ரத்தம் உள்ளே சுத்திட்டு இருக்கும்போது கரண்ட் இவ மறுபடி இப்படிப் பாய்ஞ்சு வந்தா என்ன பண்றது?"

"வராமப் போகலாம்."

"நம்ம ஊர்லயா?"

டாக்டர் அவர்களை விலக்கிக்கொண்டு விஸால் முன்னே வந்தார். அன்று அவர் உங்களைப் பேசிய பேச்சை இந்த நல்ல மடலில் முழுதாக எழுத முடியாது. "ஒரு பித்தான் இல்லன்னு என் அப்பாவைச் சாகவிடுவியா? உனக்கு அப்பாவே கிடையாதா? கல்லா நீ?" என்பது வரை எழுதலாம். வராந்தா முழுவதும் கேட்டது.

பிறகு இயக்குநரிடம் திரும்பினீர்கள். "டாக்டர், உங்க ரூம் ஏசி புதுசுதானே?"

"ஆமா, எதுக்கு?"

அவர் 'எதுக்கு' என்று முடிப்பதற்குள் நீங்கள் ஏணியைக் கேட்டுவிட்டீர்கள்.

அம்மையே! அறுபதைத் தாண்டிய வயதில், ஆகஸ்டு வெயிலில், அதிகாரியின் அறையில் ஏணி ஏறி, அவர் கண்ணெதிரே ஏசியின் பலகையைக் கழற்றிக்கொண்டு இறங்கிய ஆற்றலை என்னவென்று போற்றுவோம்! அதில் இருந்த நீல வில்லையின் மேல் அச்சிட்ட எண்ணைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை படித்து, "இது நம்மாளுதான்" என்று சொல்லி, அபூ வஹீபின் இயந்திரத்தில் வைத்துப் பற்றவைத்தீர்கள். அவரைப் படுக்கவைத்தார்கள். ரத்தம் சுற்றத் தொடங்கியது. விஸால் சுவரோரம் நின்று உங்களை முறைத்தபடியே இருந்தார்.

பாதிச் சிகிச்சை நடக்கும்போது தெருமுனைப் பெட்டியில் நியூட்ரல் கம்பி எரிந்து அறுந்தது. இருநூற்றிருபது வர வேண்டிய இடத்தில் முந்நூற்றெண்பது வந்தது. அந்தச் சுவரின் இணைப்பில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. அபூ வஹீபின் இயந்திரத்தில் மறுபடியும் 'டப்'. ஃபியூஸ் போனது, விளக்கு அணைந்தது. உள்ளிருந்த சின்ன பேட்டரியில் பம்ப் மட்டும் தொடர்ந்து சுழன்றது. நர்ஸ் பதறாமல் அந்தப் பம்பை வைத்தே அவருடைய ரத்தத்தை அவருக்கே திருப்பிச் செலுத்தினார். மூலையில் இருந்த மற்ற இயந்திரம் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வெளிக்கடையில் பழுதுபார்த்து வந்தது. அதிலிருந்து கரும்புகை எழுந்தது. நல்லவேளை, அதிலிருந்த நோயாளியைச் சற்று முன்புதான் இறக்கிவிட்டு அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பலகை முழுவதும் கருகியிருந்தது. வில்லை இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமாக வெட்டிய இரண்டு கம்பி முனைகள் மட்டும் இருந்தன. அந்த இயந்திரம் அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர் நஸீப் அந்த இரண்டு முனைகளையும் குனிந்து பார்த்தார். ஏசியின் வெளிப்பெட்டியிலும் ஒரு வில்லை இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது, இந்த முறை ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அவரே. சூரியன் கடலில் இறங்குவதற்குள் அபூ வஹீபின் மீதிச் சிகிச்சையும் ஜெனரேட்டரில் முடிந்தது.

மறுநாள் விஸால் ஒரு தட்டு நிறைய ஸன்யூரா பிஸ்கட்டோடு வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நாங்கள் நாற்காலி இழுத்துப் போட்டோம். "நேத்து பேசினதை வாபஸ் வாங்க மாட்டேன் மேடம். அது எங்க அப்பாவுக்காகப் பேசினது. இந்த பிஸ்கட்டும் அவருக்காகத்தான். சாப்பிடுங்க" என்றார். நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்கள் கண்ணாடி கழன்று விழுந்தது. அன்று முதல் நீங்கள் இருவரும் எவ்வளவு நெருக்கம் என்பதை நாங்கள் சொல்லவேண்டியதில்லை. இப்போதும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் மடல் எழுதும் எவரும் உங்களை அந்த நீல வில்லைக்கு ஒப்பிட்டுவிடுவார்கள். எங்களுக்கும் ஆசை வந்தது. ஆனால் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வருடத்துக்கு ஒருமுறை எல்லா வில்லைகளையும் கழற்றி மாற்றச் சொல்வீர்கள். "எரியாததை எதுக்கு மேடம் மாத்தணும்?" என்று நாங்கள் முணுமுணுப்போம். "அது வாங்கின அடியெல்லாம் உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு அடியிலும் உள்ளே கொஞ்சம் போயிருக்கும். வெளியே பளபளன்னுதான் இருக்கும்" என்பீர்கள். நோயாளிகளின் கோபம், அதிகாரிகளின் அவசரம், அமைச்சகத்தின் அலட்சியம், எங்கள் சோம்பல் எல்லாம் உங்கள் மேல்தான் விழுந்தன. நீங்கள் பளபளவென்றே இருந்தீர்கள். வில்லைக்காவது வருடம் ஒருமுறை ஓய்வு கொடுத்தோம். உங்களுக்குக் கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை, அம்மையே. அது எங்களுக்கு உறுத்துகிறது. ஆகவே நீங்கள் வில்லை இல்லை. எங்களுக்குக் கிடைத்த மனுஷி. உங்களுக்கு மாற்று வாங்கக் கடை கிடையாது.

நாளை முதல் இந்தக் கூடத்தில் "வெட்டாதே" என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கவலை. ஓய்வூதிய வேலையாக விடுப்பில் போகும்போதுகூட வாசலில் நின்று, "சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனீர்கள். ஆம் என்று தலையாட்டினோம். நீங்கள் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

போன வாரம், நீங்கள் இல்லாதபோது, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஓர் இன்குபேட்டரின் வில்லை கருகியது. கையிருப்பு மறுபடியும் இல்லை. குறைமாதக் குழந்தை ஒன்று வந்துகொண்டிருப்பதாக மேலிருந்து போன் வந்தது. எங்களில் யாரும் கத்தரியை எடுக்கவில்லை. வேறு எந்தக் கருவியைத் திறக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் நஸீப் உள்ளே வந்தார். "வெட்டுங்க" என்று சொல்லப் போகிறார் என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். அவரோ சட்டைப்பையிலிருந்து பழுதுபார்த்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்த தன் அறை ஏசியின் ரிமோட்டை எடுத்து உங்கள் மேசை மேல் வைத்தார். "ஏணி எங்கே?" என்று கேட்டார்.

குழந்தை நலம். நேற்று இன்குபேட்டரிலிருந்து தாயின் மடிக்குப் போய்விட்டது. ரிமோட் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. இயக்குநர் அறையில் நடக்கும் இந்த விழாவில் ஏன் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கிறோம் என்று நீங்கள் உள்ளே நுழைந்ததும் கேட்டீர்கள் அல்லவா? இதுதான் காரணம், அம்மையே.

நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் நிழல்போல் உங்களோடு நடக்கட்டும். உங்கள் வீட்டுக்கு அந்தக் கரண்ட் பெண்பிள்ளை அளவாக வந்து, அமைதியாக இருந்து, சொல்லிக்கொண்டு போகட்டும். உங்கள் காபி ஆறாதிருக்கட்டும்.

வியர்வையோடும் நன்றியோடும்,
கருவிப் பராமரிப்புக் கூட ஊழியர்கள்,
கடற்கரைச் சாலை மருத்துவமனை, சைதா.

(கையொப்பமிட்டோருள் டாக்டர் நஸீப் அவர்களும் உண்டு. தன்னையும் கூடத்து ஊழியராகவே சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.)