நெஞ்சில் நின்ற மூங்கில்

காடாத் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுருட்டி வைப்பது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. டாக்டர் துளசிராம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாகக் கட்டுப் போடுகிறேன். விருமாண்டி போட்ட கட்டு அவிழ்ந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

ஜல்லிக்கட்டு வந்தால் அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களுக்கு என்னைத்தான் அனுப்புவார். குத்துப்பட்டவனைக் கண்டால் நம் சனம் முதல் வேலையாக, குத்தி நிற்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டையில் மஞ்சளும் சாம்பலும் அப்பும். அதை மாற்றத்தான் ஊர் ஊராகத் தொண்டை வறளச் சொன்னேன். நெஞ்சில் எது குத்தி நின்றாலும் தொடாதீர்கள், பெரிய ரத்தக் குழாய் கிழிந்திருந்தால் அதை அடைத்து வைத்திருப்பதே அந்தப் பொருள்தான், அசையாமல் துணி அணைத்துத் தூக்கி வாருங்கள் என்று. போன வருஷம் அப்படி நெஞ்சில் கம்போடு வந்த ஒருவன் பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனான்.

பேயாண்டி என் கூட்டாளி. ஒரே கும்பாவில் கஞ்சி குடித்தவர்கள் நாங்கள். என் தம்பி சோணைமுத்து, எங்கள் சனத்தையே குற்றப் பரம்பரை என்று எழுதிய ரேகைச் சட்டத்தில் பெயர் பதிந்தவன். இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். மூன்று நாள் போகாமல் பேயாண்டி வீட்டில் ஒளிந்திருந்தான். நான்காம் நாள் போலீஸ் நேராக வந்து அந்த வீட்டு நெல் குலுக்கையைத் திறந்தது. தம்பி ஜெயிலில் காய்ச்சல் கண்டு செத்தான். சோறு போட்ட கையே காட்டிக்கொடுத்ததே என்று எனக்கு வயிறு எரிந்தது. கேட்டேன்.

"சத்தியமா நான் சொல்லலண்ணே" என்றான்.

அதன்பிறகு கேட்கவில்லை. முகம் மாறாமல் பழகினேன்.

இந்தத் தையில் காளை அவனைத் தூக்கி வேலியில் அடித்தது. ஒடிந்த மூங்கில் ஒன்று காறை எலும்புக்குக் கீழே ஏறி நின்றது. நான் போனபோது சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ரத்தம் கொஞ்சம்தான். பிடுங்க வந்தவர்களை அவனே விரட்டியிருக்கிறான்.

"ஒருத்தனும் தொடக் கூடாது, அண்ணே வரட்டும்னு உக்காந்திருக்கேன்" என்று சிரித்தான். "நீ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன்ல?"

"செஞ்சிட்டடா" என்றேன்.

ஆஸ்பத்திரி மூன்று மைல். வைக்கோல் பரப்பிய வண்டி தயாராக நின்றது. நான் இடது கையை அவன் தோளில் வைத்து, வலது கையால் மூங்கிலைப் பிடுங்கினேன். நேராக, ஒரே இழுப்பில். "அண்ணே?" என்றான். பிறகு எல்லோரும் பார்க்கத் துணியை அழுத்திப் பிடித்தேன். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. விருமாண்டி எம்புட்டோ பாடுபட்டான் என்று பேசிக்கொண்டு, என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். துரோகம் செய்தவனை வேறு என்ன செய்வது?

தம்பி அங்கே இருந்தது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டீர்கள். யாருக்கும் தெரியாது. பிடிபட்டதற்கு முந்தின நாள் ஏட்டு வெள்ளைத்துரைக்குக் கால் புண் கட்டிவிட்டேன். பத்து வருஷப் பழக்கம். "தம்பி எங்கப்பா இருக்கான்? அடி விழாம நான் பாத்துக்கிறேன்" என்றார். பேயாண்டி வீட்டுக் குலுக்கைக்குள் வேர்த்துக் கிடக்கிறான், பாவம் என்றேன். நல்ல மனசோடு சொன்னது காட்டிக்கொடுத்ததில் சேராது, ஐயா.