பேத்தியின் இருக்கையை விமானத்தில் அசையாமல் கட்டிய நடத்துநர் தனகோட்டிக்கு

செஞ்சி முதல் தொண்டூர் வரை சீட்டோடு சிரிப்பும் தந்த செம்மலே! வல்லம் வளைவில் வண்டியே சாய்ந்தாலும் சாயாத வல்லவரே! விசில் ஒலியால் காற்றையே நிறுத்திய வித்தகரே! முப்பத்துமூன்று ஆண்டுகள் பணி முடித்து ஓய்வு பெறும் அண்ணன் தனகோட்டி அவர்களே, வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் விசில் ஊதிக் கூட்டத்தையே கிளப்பிவிடுவீர்கள். ஆகவே அவையோரிடம் சொல்கிறோம். நீங்கள் ஒட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவையோரே! சென்ற ஆண்டு அண்ணனின் மகள் ரஞ்சனி, ஒன்றரை வயதுக் குழந்தை பூங்குழலியோடு அபுதாபியிலிருக்கும் கணவரிடம் திரும்ப வேண்டியிருந்தது. துணைக்குப் புறப்பட்டார் அண்ணன்.

"மடியிலயே வச்சிக்கினு போயிடறேன் நைனா" என்றாள் மகள்.

அண்ணன் பதறினார். திடீர் பிரேக்கில் தாய்மடி நழுவிய குழந்தைகளைப் பாய்ந்து பிடித்த கைகள் அல்லவா அவை! "வண்டி குலுங்குனா எந்தக் கையும் நிக்காது. உன் கை இன்னா இரும்பா?" என்று பேத்திக்குத் தனி டிக்கெட்டே எடுத்துவிட்டார். காரில் வைக்கும் குழந்தை இருக்கையை விமானத்திலும் வைக்கலாமாம். ஆனால் விமானத்துக்கு ஏற்றது என்ற முத்திரை அதில் இருக்க வேண்டும், ஜன்னலோரம் வைக்க வேண்டும், அசையவே கூடாது. அசைந்தால் இருக்கையைச் சாமான் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தை மடிக்கு வரும்.

அந்தக் கவலையில் அண்ணன் மூன்று நாள் சோறு தொடவில்லை. இட்லி மட்டும் நாற்பது.

பணிமனையில் ஒத்திகை நடந்தது! குழந்தை இருக்கையைப் பேருந்து இருக்கையில் ஏற்றி, அதில் பேத்திக்குப் பதில் பத்துக் கிலோ வேர்க்கடலை, அதாவது நம்ம மல்லாட்டை, மூட்டையைப் பூட்டி, எல்லாவற்றையும் சேர்த்து மேலே ஒரு பெல்ட்டைச் சுற்றினார். ஓட்டுநர் முருகையன் பிரேக் அடித்தார். இருக்கையும் மூட்டையும் சேர்ந்தே பறந்தன! செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைக்கும் மல்லாட்டை மழை!

"இன்னாண்ணே, கூரை மேல சாமான் கட்டுற மாதிரி கட்டுற? கொழந்த சீட்டு முதுகுல பெல்ட்டுக்கு வழி உட்ருக்கான் பாரு, அதுல கோத்து இழு!" என்றார் மெக்கானிக் ஜான் பாஷா, தலையெல்லாம் மல்லாட்டையோடு. அண்ணன் கோத்தார், முழங்காலால் அழுத்தி இழுத்தார். அடுத்த பிரேக்கில் முருகையனின் பல்செட் பறந்தது, மூட்டை பறக்கவில்லை.

பயண நாளில் விமானப் பணிப்பெண் வந்து இருக்கையைப் பிடித்து உலுக்கினார். விமானமே ஆடியது; இருக்கை ஆடவில்லை! "சூப்பர் சார், யார் கட்டுனது?" என்று அவர் கேட்க, அண்ணனின் மார்பு விரிந்து, சட்டைப் பொத்தான் விமானியின் அறைவரை போனதாகக் கேள்வி.

நடுவானில் மேகம் குலுக்கியது. காபிக் கோப்பைகள் கூரையை முட்டின. பூங்குழலி பூட்டிய வாருக்குள் குறட்டை விட்டாள். அண்ணனோ பழக்கதோஷத்தில் எழுந்து, கால்களை அகட்டி, மேலே கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்!

"சார், உக்காருங்க!" என்று பணிப்பெண் தன் இடத்திலிருந்தே அலறினார். ரஞ்சனி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கொழந்த கம்முனு தூங்குது. அதுக்குப் பாத்துப் பாத்துக் கட்டுன, உனுக்கு யாரு கட்டுவா? உக்காரு நைனா!"

உட்கார்ந்தார். மகளே பெல்ட்டைப் பூட்டிவிட்டாள்.

அண்ணே! ஓடும் வண்டியில் ஊரையே உட்காரவைத்துவிட்டு, நின்றே தேய்ந்த கால்கள் உங்களுடையவை. நோயறியா உடலோடு நூறாண்டு, ஆசைப்பட்டால் மேலே ஓர் இருபது, வாழ்வீர்! எங்கள் வேண்டுகோள் ஒன்றே:

இனி உட்காருங்கள்.

உங்களோடு ஓடிய
பணிமனைத் தோழர்கள், செஞ்சி

மடல் வரைந்தவர்: ராமகிருஷ்ணன், ஓய்வுபெற்ற ஓட்டுநர்